கழுதைப் பக்கம் உயரம், பூனைப் பக்கம் பள்ளம்

ஜீவிதா கேட்டது வெறும் ஆறு அங்குலம். அதற்கு மேல் அவள் இந்த அரசாங்கத்திடமும் எதுவும் கேட்கவில்லை, போன அரசாங்கத்திடமும் கேட்டதில்லை. அந்த ஆறு அங்குலத்தை வாங்கப் போய் அவள் பட்ட பாட்டை, நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன். முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். ஏற்கெனவே நிறைய பேர் போய்விட்டார்கள்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நாலாவது குறுக்குத் தெரு. அந்தத் தெரு ஏரியைப் பார்த்து வளைகிற இடத்தில் அவள் வீடு. போன வருஷ மழையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கி, போகும்போது ஃப்ரிட்ஜையும் மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களையும் நாசம் பண்ணிவிட்டுப் போனது. பிறகு மனு, மறியல், மறுபடி மனு என்று அலைந்து கடைசியில் மழைநீர்க் கால்வாய் வந்தேவிட்டது. தெருத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகும் கால்வாய். ஆட்கள் வந்து, கால்வாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று சுவர்களில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டார்கள். தெருவே ஸ்வீட் கொடுத்தது.

ஜீவிதாவும் கொடுத்தாள். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி உண்டு. மறைமலை நகரில் கார் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். அரை மில்லிமீட்டர் தப்பாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியது அவள் வேலை. அளக்காமல் எதையும் நம்ப மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கணவன் ரவியைக் கூப்பிட்டாள். ரவி பிளம்பர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற மாதிரி, உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் குறிகளை அளந்தார்கள்.

திருப்பத்தில் ஏரிப் பக்கக் குறி, தெருப் பக்கக் குறியைவிட ஆறு அங்குலம் மேலே இருந்தது.

“தப்பா பிடிச்சிருப்பே ஜீவி,” என்றான் ரவி. இடம் மாற்றிப் பிடித்து இன்னொரு முறை அளந்தார்கள். அதே ஆறு அங்குலம்.

இப்படியே கட்டினால் தண்ணீர் ஏரிக்குப் போகாது. திருப்பத்தில் முட்டிக்கொண்டு நேராக இவர்கள் வீட்டுக்குள் திரும்பி வரும். தெருப் பக்கத்தை உயர்த்தியோ ஏரிப் பக்கத்தைத் தாழ்த்தியோ ஏரியைப் பார்த்து ஓர் ஆறு அங்குலம் சரிவு கொடுத்துவிட்டால் ஜோலி முடிந்தது. ஜீவிதா ஒரு வெள்ளைத் தாளில் இதை நாலே வரியில் எழுதி, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். மழைக்கு ஐந்து வாரம் இருந்தது.

போன இடம், பொதுமக்கள் கருத்து எளிமையாக்க வாரியம்.

இந்த வாரியம் பிறந்த கதை தனி. ஜனங்கள் நீளநீளமாக மனு எழுதுகிறார்கள், படித்து மாளவில்லை என்று அதிகாரிகள் புலம்பியதால் அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு இரண்டு வருஷம் ஆராய்ந்து ஆயிரத்து நூறு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. அதை யாரும் படிக்கவில்லை. அட்டையில் ஒரு மீம் இருந்தது, அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். உடனே வாரியம் பிறந்தது. அன்றிலிருந்து எந்தக் கருத்தானாலும் மீமாகத்தான் கொடுக்க வேண்டும்.

கவுண்டரில் சினேகா என்ற பெண் இருந்தாள். பதவி, கருத்துச் சுருக்குநர். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

“வாங்கக்கா. சப்போர்ட்டா, அப்போஸா?”

“கால்வாய்க்கு சப்போர்ட்தாம்மா. ஆனா அந்தத் திருப்பத்துல...”

சினேகா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ என்ற பலகைக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே சிவப்பில், ‘இங்கே ஆனால் சொல்லாதீர்’ என்று இன்னொரு பலகை தொங்கியது.

“சிஸ்டத்துல ரெண்டே டப்பாதான்க்கா. பச்சை, சிவப்பு. நடுவுல எதையாவது போட்டா ஹேங் ஆயிடுது. போன வாரம் ஒரு ரிட்டயர்டு புரொபசர் வந்து ‘ஒரு விதத்தில் பார்த்தால்’னு ஆரம்பிச்சாரு. சர்வரே படுத்துடுச்சு.”

“அப்ப நான் எப்படிம்மா சொல்றது?”

“சதுரமா ஒரு படம். மேல ஏழு வார்த்தை, கீழ ஏழு வார்த்தை. நடுவுல ஒரு மூஞ்சி. பாக்கறவங்க மூணு செகண்டுல சிரிக்கணும். சிரிக்கலன்னா ஃபைல் க்ளோஸ்.”

“வீட்டுக்குள்ள தண்ணி வர்றதுல என்னம்மா சிரிப்பு இருக்கு?”

“அதை நாங்க கண்டுபிடிச்சுடுவோம்க்கா. அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க.”

பக்கத்து அறை முகப் பிரிவு. கோபமா, அழுகையா, கேலியா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை சார், ஒரு சின்ன அளவுத் தப்பு, அவ்வளவுதான் என்றாள் ஜீவிதா. அளவுத் தப்புக்கு என்ன முகம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. என்னடா இது என்று அவள் வாயைத் திறந்தபடி திகைத்து நின்ற நேரத்தில் ஒருவர் படக்கென்று படம் எடுத்துவிட்டார்.

அவள் வீடு திரும்புவதற்குள் மீம் போய்ச் சேர்ந்துவிட்டது. திறந்த வாயோடு அவள் முகம். மேலே, ‘கால்வாய் வருதா? ஐயய்யோ!’ கீழே, ‘ஆறு அங்குலம் தள்ளிப் போகச் சொல்லுங்க!’ பதினோராயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

கேட்டைத் திறக்கும்போதே எதிர்வீட்டுத் துளசிங்கம் வழிமறித்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சி, மோட்டார் விற்கிற மனுஷன். குரல் பெரிசு, மனசும் பெரிசு.

“இன்னாம்மா ஜீவிதா, உன் வூட்டாண்ட கால்வா வந்தா நாறுமா? எங்க வூட்டாண்ட மட்டும் மல்லிப்பூ வாசனையா வரும்?”

“அண்ணா, நான் அப்படிச் சொல்லவே இல்ல. கால்வாய் கண்டிப்பா வேணும். அந்தத் திருப்பத்துல சரிவு...”

“படத்துல கீறது உன் மூஞ்சிதான?”

“என் மூஞ்சிதான். வார்த்தை என்னுது இல்லண்ணா. நாங்க டியூப் வெச்சு அளந்தோம். ஏரிப் பக்கம்...”

இரண்டாவது வாக்கியத்திலேயே துளசிங்கத்தின் பார்வை கையிலிருந்த போனுக்கு இறங்கிவிட்டது. அங்கே வேறொரு மீம் வந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “சொல்லு சொல்லு, கேட்டுகினுதான் கீறேன்,” என்றார். ஜீவிதா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வாரியத்தின் திருத்தப் பிரிவுக்கு ஓடினாள். திருத்தமும் மீமாகத்தான் வரும் என்றார்கள். இந்த முறை சினேகாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேறெதுவும் வேண்டாம் தாயே, ஆறு அங்குலம் சரிவு கொடுத்தால் போதும் என்று மட்டும் போடு என்று கெஞ்சினாள். சினேகாவும் மனசு வைத்துத்தான் போட்டாள். சரிவு என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்று மேலிடத்தில் வெட்டிவிட்டார்கள். ‘ஆறு அங்குலம் போதும் சார், ஆறே அங்குலம்!’ என்று வெளியே வந்தது.

கால்வாயின் அகலமே ஆறு அங்குலம் போதுமாம், திட்டத்தில் இருக்கும் ஆறடி வேண்டாமாம் என்று ஊர் புரிந்துகொண்டது.

அதோடு பற்றிக்கொண்டது நெருப்பு. தாம்பரம் தொடங்கி அந்தப் பக்கம் முழுக்க ஜனங்கள் ஆறு அங்குலக்காரர்கள், ஆறடிக்காரர்கள் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஆட்டோக்களின் முதுகில் ஸ்டிக்கர் வந்தது. டீக்கடையில் டீ கேட்டால், முதலில் நீ எந்தப் பக்கம் சொல்லு என்றார்கள். செம்பாக்கத்தில் நிச்சயம் பண்ணியிருந்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளை ஆறு அங்குலம் என்று தெரிந்ததும் நின்றுபோனது. ஆளுங்கட்சியின் வட்டக் கிளை, செலவு குறைச்சல் என்று ஆறு அங்குலத்தை எடுத்துக்கொண்டது. எதிர்க்கட்சி ஆறடியை. புதன்கிழமை யாரோ, இரண்டு கட்சியும் முன்பு நேர்மாறாகச் சொன்ன பழைய படம் ஒன்றைத் தோண்டி எடுத்துப் போட, வியாழக்கிழமை இரண்டு கட்சியும் இடம் மாறிக்கொண்டன. தொண்டர்கள் பாவம், ஒட்டினதை உரிக்கவே பொழுது சரியாக இருந்தது.

ஒரு யூடியூப் சேனலில் நாலு பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கத்தினார்கள். ஆறு அங்குலம் என்பது யாருடைய சதி, அதற்குப் பின்னால் யார், அவருக்குப் பின்னால் யார் என்று பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். கால்வாய் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை.

ஜீவிதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். நல்ல உதிரிபாகங்களைத் தூக்கிக் குப்பையில் போட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்தால் திருப்பத்தில் போய் நின்று அந்த வெள்ளைக் குறியை முறைப்பாள். மழைக்கு மூன்று வாரம், இரண்டரை வாரம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு வரி. படிக்கத் தெரிந்த ஒரு ஆள் நாலு வரி படித்தால் தீர்ந்துபோகிற விஷயம். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் வாரியம் ‘கருத்துத் திருவிழா’ அறிவித்தது. சேலையூரில் ஒரு கல்யாண மண்டபம், குளிர்சாதன வசதி, மதியம் சாம்பார் சாதம். பொதுமக்கள் மேடையேறித் தங்கள் கருத்தைச் சொல்லலாம், ஆளுக்கு நாற்பது வினாடி.

வாரியத்தின் இணை இயக்குநர் அச்சுதன் தலைமையுரை ஆற்றினார். அவருக்கு நாற்பது நிமிஷம்.

“மக்களுக்கு நேரமில்லை,” என்று ஆரம்பித்தார். “இதை நாங்கள் மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. முன்பெல்லாம் ஒரு மனு வந்தால் படிப்போம். படித்தால் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு கோப்புக்கே ஆறு மாதம் போய்விடும். இன்றைக்கு? பார்க்கிறோம், சிரிக்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம். சென்ற ஆண்டு மட்டும் நாலு லட்சம் கருத்துகளை எளிமையாக்கியிருக்கிறோம். அவற்றில் எதுவும் இப்போது கருத்தாக இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. மைக் ஜீவிதாவிடம் வந்தது.

அவள் பேசவில்லை. பேச்சை எடுத்தால் வெட்டுவார்கள் என்று இதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். ரவி நெடுக்காக இரண்டாக அறுத்துக் கொடுத்த பிளாஸ்டிக் குழாயில் ஒரு பாதியைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை இணை இயக்குநர் கையில் கொடுத்தாள்.

“சார், நான் தெரு. நீங்க ஏரி. இப்ப சுவத்துல குறி போட்டிருக்கிறபடி உங்க பக்கம் ஆறு அங்குலம் தூக்குங்க.”

அச்சுதன் தூக்கினார். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குழாயில் ஊற்றினாள். அது அவள் புடவை மேலேயே திரும்பி வந்து ஊற்றியது.

“இப்ப என் பக்கம் தூக்கறேன் சார்.”

தூக்கினாள். தண்ணீர் சலசலவென்று ஓடி இணை இயக்குநரின் ஷூவுக்குள் இறங்கியது. மண்டபம் குபீரென்று சிரித்தது. முந்நூறு பேரும் ஷூவைத்தான் பார்த்தார்கள், சரிவை எவனும் பார்க்கவில்லை. துளசிங்கம் அந்த நேரம் பந்தியில் இருந்தார்.

ஆனால் அச்சுதன் பார்த்தார். குழாயையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஓ... தெருப் பக்கம் உயரமா, ஏரிப் பக்கம் தாழ்வா இருக்கணும். அவ்வளவுதானே? எனக்கு இப்போ நல்லா புரியுதும்மா,” என்றார்.

ஜீவிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஒரு மனுஷன். மூன்று வாரத்தில் ஒரே ஒரு மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. “ஆமா சார், அவ்ளோதான் சார்,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பிரமாதம்,” என்றார் அச்சுதன். “சினேகா, இதை மீமாப் போட்டுடு.”

சாயங்காலமே அது வந்துவிட்டது. அதிகாரிகளின் முகத்தைக் கேலிப் படத்தில் போடக் கூடாது என்று விதி இருந்ததால் அச்சுதன் முகத்தை எடுத்துவிட்டு ஒரு பூனை முகம். பூனைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஜீவிதாவுக்கு ஒரு கழுதை முகம். நடுவில் சரிந்த குழாய். எழுத்து பெரிதாக ‘நெத்தியடி!’ இருபத்தாறாயிரம் சிரிப்பு. வாரியத்தின் சட்டப்படி இருபத்தையாயிரம் சிரிப்பைத் தாண்டினால் அது மக்கள் ஒப்புதல். ஒப்புதல் கிடைத்த படம் நேரே வேலை உத்தரவாகப் போய்விடும். ரவி கேம்ப் ரோட்டுக்குப் போய் அரைக் கிலோ பாதுஷா வாங்கிவந்தான். கழுதையாக இருந்தால் என்ன, வீடு தப்பித்ததே என்று ஜீவிதாவும் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் மேஸ்திரி லாசரஸ் ஆட்களோடு வந்தார். கையில் அந்தப் படத்தைப் பெரிசாக அச்சடித்து வைத்திருந்தார்.

“பழைய குறியெல்லாம் அழிச்சுடுங்கடா. புது ஆர்டரு. கழுதைப் பக்கம் ஒசரம், பூனைப் பக்கம் பள்ளம். கழுத சோத்தாங்கைப் பக்கம் கீது. சோத்தாங்கைல ஏரி. ஏரியாண்டலேந்து சரிவு புடிங்க.”

ஜீவிதா பதறி ஓடிவந்து படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். மேடையில் அவள் இடது பக்கம் நின்றாள். படத்தில் கழுதை வலது பக்கம் நின்றது.

“அண்ணே, படத்தை இடவலமா திருப்பிட்டாங்க! கழுதை நான்தாண்ணே! நான்தான் தெரு! தெருப் பக்கம்தான் உயரமா இருக்கணும்!”

லாசரஸ் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ கழுதன்னு இதுல எங்கம்மா எழுதிகீது?”

“நல்லா யோசிங்கண்ணே. ஏரியிலேர்ந்து தெருவுக்குத் தண்ணி விட யாராவது கால்வாய் கட்டுவாங்களா?”

“எனுக்குப் புரியுது மேடம். இருவது வருஷமா கால்வா கட்றேன், இது கூட தெரியாதா? ஆனா இருவத்தாறாயிரம் பேரு சிரிச்சிகீறாங்க. சிரிச்ச படத்த நானு மாத்தினா எனுக்கு வேலை கீதா? பேஜாருமா. நீ ஆபீசாண்ட போய்ப் பேசு.”

போனாள். சினேகா அவளைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள். “கழுதை எழுத்தைப் பாக்கணும்க்கா. அப்பதான் சிரிப்பு வரும்னு ரூல். எழுத்து வலது ஓரத்துல, அது இடப்பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, அதான் மொத்தப் படத்தையும் ஃப்ளிப் பண்ணேன். சத்தியமா தண்ணி மாறும்னு தோணலக்கா,” என்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

அச்சுதன் ஜீவிதாவை உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. எனக்குத்தான் நேர்லயே புரிஞ்சுதே. ஆனா நான் புரிஞ்சுக்கிட்டது என் சொந்த விஷயம். வாரியத்துக்குப் புரியணும்னா ஒரு முறை இருக்கு. மக்கள் சிரிச்சு முடிச்சுட்டாங்க. சிரிச்சதைத் திரும்பப் பெற சட்டத்துல இடமில்லை. வேணும்னா புதுசா ஒரு மீம் போடுங்க, இதைவிடச் சிரிப்பா. இதே கழுதையை வெச்சுக்கலாம், நல்லா ஓடுது.”

‘ஆனால்’ சொல்லக் கூடாது என்ற சிவப்புப் பலகை, கவுண்டரில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

பத்து நாளில் கால்வாய் முடிந்தது. அவள் டியூபை எடுத்துக்கொண்டு போய் அளந்தாள். ஏரியிலிருந்து அவள் வாசல் வரை, மயிரிழை பிசகாமல் ஆறு அங்குலம் சரிவு. பன்னிரண்டு வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமான தப்பை அவள் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ஒரு மணி நேரத்தில் ஏரி நிரம்பியது. நிரம்பின தண்ணீர் புதுக் கால்வாயில் இறங்கி, ராஜபாட்டையில் வருகிற மாதிரி வந்து, ஜீவிதாவின் கேட்டுக்குள் நுழைந்தது. ரவி வேலையாகப் பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டான். மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு அவள் தனியாக வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துளசிங்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

“தள்ளும்மா. நீ அந்தப் பக்கம் புடி. கேட்டியே ஆறு அங்குலம், குட்த்தானுங்க பாரு! இப்ப சந்தோசமா?”

அவருடைய இரண்டு கையும் மெஷினுக்கு அடியில் இருந்தன. சட்டைப் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க வழியில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் முதல் படி ஏறும்போதே ஜீவிதா பேச ஆரம்பித்தாள். சுவரில் போட்ட குறி, டியூபில் அளந்தது, தெருப் பக்கம், ஏரிப் பக்கம், திருப்பத்தில் இருந்த ஆறு அங்குலம், திருப்பிப் போட்ட கழுதை, எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, ஒன்றையும் விடாமல் சொன்னாள். துளசிங்கம் “உம்” கொட்டிக்கொண்டே ஏறினார். ஒரு இடத்தில், “இரு இரு, ஏரிப் பக்கம் ஒசரமா, தாழ்வா? இன்னொரு தபா சொல்லு,” என்று கேட்டுக்கொண்டார். பதினேழாவது படியில் மெஷினை இறக்கி வைத்தபோது கதையும் முடிந்தது.

துளசிங்கம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். கால்வாயைப் பார்த்தார், ஏரிப் பக்கம் பார்த்தார், மறுபடி கால்வாயைப் பார்த்தார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“அட, இவ்ளோதானா மேட்டரு? கொயந்தைக்குக் கூட புரியுமே. அன்னிக்கே சொல்லியிருந்தா தெருவே கடப்பாறை எடுத்துகினு வந்து நின்னிருக்குமே. ஏம்மா சொல்லாம வுட்ட?”

“அன்னைக்கு உங்க கையில போன் இருந்துச்சுண்ணா,” என்று சொல்லிவிட்டு, ஜீவிதா கட்டிலைத் தூக்கக் கீழே இறங்கினாள்.